விசாக் காசு: கட்டுவதா, கட்டண விலக்குக் கேட்பதா?

லண்டன் ஹரோவில் ஒரு வீட்டுச் சமையலறை. மேசை நிறைய வங்கிக் கூற்றுகள், ஆறு மாதத்துக்குரியவை, விசாப் புதுப்பிக்கும் கட்டணத்துக்கு விலக்குக் கேட்பதற்காக எடுத்து வைத்தவை. வாடகை, கவுன்சில் வரி, மின்சாரம், பஸ் காசு என்று வரி வரியாக மஞ்சள் மைப்பேனாவால் கோடு போட்டுக்கொண்டு வந்த அக்கா ஓரிடத்தில் பேனாவை நிறுத்தினார். ஊருக்கு அனுப்பிய 150 பவுண்ட் அது. தாயாரின் கண் சத்திரசிகிச்சைக்குப் போனது. "தம்பி, இதையும் காட்டத்தான் வேணுமோ? எங்களிட்டக் காசு இருக்கெண்டு நினைப்பினமோ?" என்று கேட்டார். காட்டத்தான் வேண்டும். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் சட்டத்தரணி அல்லன். அவர்களுக்கும் எங்கள் சனத்துக்கும் நடுவில் இருந்து மொழிபெயர்ப்பவன். பிரித்தானியாவில் குடிவரவு ஆலோசனை சொல்வதற்கு அங்கீகாரம் வேண்டும். அது இல்லாமல் சொல்வது 1999ஆம் ஆண்டுக் குடிவரவு, தஞ்சச் சட்டத்தின்படி குற்றமாகும். ஆகவே இதை ஒருவருடைய கோப்புக்கான தீர்ப்பாகக் கொள்ளாமல், முடிவெடுக்கும் முன் எவற்றையெல்லாம் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்று காட்டும் ஒப்பீடாக வாசிக்கவும்.

முதலில், இது யாருக்கு உரிய பேச்சு என்பதைத் தெளிவாக்கிவிடலாம். அகதித் தஞ்சம் கேட்பவர் விண்ணப்பக் கட்டணம் எதையும் செலுத்துவதில்லை. அகதி அந்தஸ்துக் கிடைத்தவர் பின்னர் நிரந்தர வதிவிடம் கேட்கும்போதும் செலுத்துவதில்லை. தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டும், குடும்ப வாழ்வு அல்லது தனிவாழ்வு என்ற மனித உரிமை அடிப்படையில் 30 மாத அனுமதி பெற்று, அதை மறுபடி மறுபடி புதுப்பித்துப் பத்து ஆண்டுகளைக் கடக்க வேண்டியவர்களே இங்கு அகப்படுபவர்கள். 2012 ஜூலை 9ஆம் திகதி நடைமுறைக்கு வந்த இந்தப் பத்தாண்டு வழியில் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக இருக்கின்றன. ஈஸ்ட் ஹாமிலும் ஹரோவிலும் ரூட்டிங்கிலும் எந்தத் திருமண மண்டபத்திலும் ஒரு மேசைக்கு ஒருவராவது "எனக்கு இன்னும் ரெண்டு தரம் போடவேணும்" என்று சொல்வதைக் கேட்கலாம். வாழ்க்கைத்துணையின் ஐந்தாண்டு வழியில் வந்து ஆண்டுக்கு 29,000 பவுண்ட் வருமானம் உண்டென்று காட்டுபவருக்கு விலக்குப் பெரும்பாலும் பொருந்தாது. ஒரு படிவத்தில் வருமானம் போதுமென்றும் இன்னொரு படிவத்தில் கட்ட வழியில்லை என்றும் எழுதுவது எளிதன்று.

இனிக் காசுக் கணக்கு. இந்தக் கட்டுரையில் நான் எடுத்துக்கொள்ளும் கட்டணங்கள் எல்லாம் 2025 ஏப்ரல் 9ஆம் திகதி நடைமுறைக்கு வந்த பட்டியலின் காலத்தில் இருந்தவை. ஏப்ரல் மாதம் பிறந்தாலே இந்தப் பட்டியல் மாறக்கூடும் என்பதால், விண்ணப்பிக்கும் அன்று அரசின் தளத்தில் ஒரு தரம் சரிபார்ப்பது அவசியம். 30 மாத அனுமதிக்கான விண்ணப்பக் கட்டணம் ஒருவருக்கு 1,321 பவுண்ட். அதற்கு மேல், எங்கள் ஆட்கள் 'என்.எச்.எஸ். காசு' என்று சொல்லும் மருத்துவ மிகைக்கட்டணம் (அரச மருத்துவ சேவைக்காக விசாவில் இருப்பவர்களிடம் வாங்குவது) வளர்ந்தவருக்கு ஆண்டுக்கு 1,035, பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்கு 776. இரண்டரை ஆண்டுக்கும் சேர்த்து முற்பணமாகவே கட்ட வேண்டும் என்பதால், வளர்ந்தவர் ஒருவருக்கு மொத்தம் 3,908 பவுண்ட் 50 பென்ஸ், பிள்ளை ஒன்றுக்கு 3,261 பவுண்ட். தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு தடவை புதுப்பிக்க 14,339 பவுண்ட் ஆகிறது. இதில் சட்டத்தரணியின் கூலி சேரவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2013 ஏப்ரலுக்குப் பிறகு இவ்வகை வழக்குகளுக்குப் பொதுவாக அரச சட்ட உதவி கிடையாது. விதிவிலக்கான வழக்கு என்று தனியாகக் கேட்டுப் பெற வேண்டும்.

இந்தத் தொகையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மருத்துவ மிகைக்கட்டணமே என்பதை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 2015இல் தொடங்கியபோது அது ஆண்டுக்கு 200 பவுண்டாக இருந்தது. 2024 பெப்ரவரி 6ஆம் திகதி 624 என்பது ஒரே தாவலில் 1,035 ஆகியது. வேலை செய்து வருமான வரியும் தேசிய காப்புறுதியும் கட்டும் ஒருவர் இதையும் கட்டுகிறார் என்பது என் மனத்தை இன்றுவரை உறுத்துகிற விடயம். ஆனால் அது வேறு கட்டுரைக்கு உரியது.

கட்டுவது என்ற தெரிவை முதலில் பார்ப்போம். அதன் பெரிய நன்மை, விண்ணப்பம் போடும் நாள் உங்கள் கையில் இருப்பது. காசைக் கட்டி அனுப்பிய அன்றே விண்ணப்பம் முறைப்படி பதிவாகிறது. அனுமதி முடிவதற்குள் அனுப்பப்பட்ட விண்ணப்பமாக இருந்தால், 1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 3சி பிரிவு முடிவு வரும்வரை பழைய அனுமதியை அதே நிபந்தனைகளோடு நீட்டித்து வைக்கிறது. வேலை தருபவர் கேட்டால் காட்டுவதற்குத் தாளும் உண்டு. உங்கள் வங்கிக் கணக்கை எவரும் கிளறுவதில்லை. விண்ணப்பம் மறுக்கப்பட்டால் மருத்துவ மிகைக்கட்டணம் திரும்பி வரும். விண்ணப்பக் கட்டணம் வராது.

கையில் காசிருப்பவர் இதற்கு மேல் யோசிக்கத் தேவையில்லை. சிக்கல், காசு எங்கிருந்து வருகிறது என்பதில்தான். எங்கள் ஆட்களின் வழமையான பதில் சீட்டு. இருபது பேர் மாதம் 300 பவுண்ட் போட்டு, முறை வந்தவர் கழிவு போக மொத்தத்தை எடுக்கும் இந்த ஏற்பாடு எத்தனையோ குடும்பங்களின் விசாவைக் காப்பாற்றியிருக்கிறது. விசா முடியும் மாதத்தை முன்கூட்டியே கணித்து அந்த மாதத்தில் சீட்டை எடுக்கக்கூடியவருக்குக் கட்டுவதே உசிதம் என்பது என் எண்ணம். அது கடனாக இருந்தாலும் ஒழுங்கான கடன்; சீட்டுப் பிடிப்பவர் நாணயமானவர் என்றால் மட்டும். மாறாக, மாத வட்டிக்குக் கைமாற்று வாங்கியோ, இரண்டு மூன்று கடன் அட்டைகளில் தேய்த்தோ கட்டுபவர்கள் அந்தக் கடன் தீரும் முன்பே அடுத்த 30 மாதத்துக்கு வந்து நிற்கிறார்கள். அந்தப் பட்டியலின் விலையில் பத்தாண்டுக்கான நான்கு விண்ணப்பங்களுக்கு ஒருவருக்கு 15,634 பவுண்ட், கடைசியில் நிரந்தர வதிவிடத்துக்கு 3,029, ஆகமொத்தம் 18,663. வட்டியை இதன்மேல் ஏற்றிப் பார்த்தால், கடனில் கட்டுவது என்பது ஒரு தடவைக்கு மட்டும் தாங்கும் வழி என்பது விளங்கும்.

அடுத்தது கட்டண விலக்கு. இதைப் பற்றி எங்களுக்குள் உலாவும் கதைகளில் பாதி பிழை. விலக்குக் கேட்டால், விசாக்களைத் தீர்மானிக்கும் உள்துறை அமைச்சு கறுப்புப் புள்ளி வைக்கும் என்பார்கள். அது பொது நிதி உதவி, அதாவது அரசு தரும் உதவிப்பணம், பெற்றதாகக் கணக்கில் ஏறி விசாவுக்குப் பங்கம் வரும் என்பார்கள். கட்டண விலக்கு பொது நிதி உதவி அன்று. பொது நிதி பெறக்கூடாது என்ற நிபந்தனையோடு இருப்பவரும் தாராளமாகக் கேட்கலாம். அது கருணை மனுவும் அன்று. கட்ட இயலாத ஒருவரை, கட்டவில்லை என்ற காரணத்துக்காக மட்டும், மனித உரிமைக் கோரிக்கையை முன்வைக்கவே விடாமல் தடுக்க முடியாது என்பதனால்தான் இந்த விலக்கே இருக்கிறது. கேட்பதற்குக் கட்டணமும் இல்லை.

உத்தியோகத்தர் பார்ப்பது, வாடகை, உணவு, போக்குவரத்து போன்ற அத்தியாவசியச் செலவுகள் போக உங்களிடம் இந்தக் கட்டணத்தைக் கட்டுமளவு மிஞ்சுகிறதா என்பதையே. ஒதுங்க இடமோ சாப்பாட்டுக்கு வழியோ இல்லாத நிலையில் இருப்பவர், கட்டினால் அந்த நிலைக்குப் போய்விடுவார் என்பவர், கட்டினால் பிள்ளையின் சிறப்புத் தேவைகள் கெடும் என்று காட்டக்கூடியவர் ஆகியோருக்கும் இது உரியது. ஆனால் முழு வறுமை ஒரு நிபந்தனை அன்று என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். வேலையும் வீடும் உள்ளவர்கள்கூட, மாத முடிவில் நாற்பது ஐம்பது பவுண்டுக்கு மேல் மிஞ்சுவதில்லை என்று தாள்களால் காட்டி விலக்குப் பெற்றிருக்கிறார்கள்.

தாள்களால் காட்டுவது என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. ஆறு மாத வங்கிக் கூற்று, அதுவும் உங்கள் பெயரிலும் துணையின் பெயரிலும் உள்ள எல்லாக் கணக்குகளுக்கும். இருபது பவுண்ட் கிடக்கும் பழைய சேமிப்புக் கணக்கும் இதில் அடக்கம். சம்பளச் சீட்டுகள், வாடகை ஒப்பந்தம், மின்சாரம் முதலான பட்டியல்கள், யாராவது சாப்பாட்டுக்கோ தங்குவதற்கோ உதவினால் அவருடைய கடிதம். பிள்ளைகளை முன்னிட்டு 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 17ஆம் பிரிவின் கீழ் கவுன்சில் உதவி செய்தால் அந்தக் கடிதம் வலுவான சான்று. உள்துறை அமைச்சு வருமான வரித் திணைக்களத்தோடும் கடன்தரவு நிறுவனங்களோடும் சரிபார்க்க முடியும் என்பதையும் மறக்கக்கூடாது. மறைத்த கணக்கு ஒன்று வெளிப்பட்டால், போவது கட்டண விலக்கு மட்டும் அன்று. பொய் சொன்னவர் என்ற பெயர் அடுத்த எல்லா விண்ணப்பங்களிலும் பின்தொடரும்.

இப்போது அந்த 150 பவுண்டுக்கு வருவோம். ஊருக்கு அனுப்பிய காசு அத்தியாவசியச் செலவாகக் கருதப்படும் என்று எதிர்பார்க்க முடியாது. "இதை அனுப்பாமல் சேர்த்திருக்கலாமே" என்று ஓர் உத்தியோகத்தர் எழுத இடமுண்டு. அதற்காக அந்த வரியை மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. செய்யக்கூடியது விளக்குவதுதான். அந்த அக்கா, வைத்தியசாலைப் பற்றுச்சீட்டையும் ஒரு பக்கக் கடிதத்தையும் இணைத்தார். ஆறு மாதத்தில் ஒரே ஒரு தடவை, இன்ன காரணத்துக்கு, இன்ன தொகை. மாதாமாதம் 200, 300 என்று அனுப்புபவரின் நிலை வேறு. அவருக்கு விலக்குக் கிடைப்பது கடினம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும் சட்டத்தரணியையே நான் நல்ல சட்டத்தரணி என்பேன்.

சீட்டுக்கும் இதே கதிதான். மாதம் 300 சீட்டுக்குப் போகிறதென்றால், அந்த 300 மிஞ்சுகிறது என்றுதான் கணக்கு வாசிக்கப்படும். சீட்டு எடுத்த மாதம் ஐயாயிரத்துச் சொச்சம் கணக்கில் வந்து விழுந்திருந்தால் விலக்கைப் பற்றிப் பேசவே வேண்டாம். எங்கள் சமூகத்தின் நல்ல பழக்கங்கள் இரண்டு, சேர்த்து வைப்பதும் சொந்தத்துக்கு உதவுவதும், இந்தப் படிவத்தில் மட்டும் எங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன. விசாவுக்கென்று சிறுகச் சிறுக 2,000 பவுண்ட் சேர்த்தவர் அந்தச் சேமிப்புக்காகவே மறுக்கப்படலாம். ஒன்றும் சேர்க்காதவருக்குக் கிடைத்துவிடலாம். விலக்குக் கேட்பதற்காக இருக்கும் காசை வேண்டுமென்றே கரைத்தாலும் அகப்பட்டுக்கொள்வார்கள், ஏனென்றால் கரைத்ததும் அதே கூற்றில்தான் தெரியும்.

இந்த முரணுக்கு ஓரளவு விடை, பலருக்குத் தெரியாத ஒரு நடுவழியில் இருக்கிறது. விண்ணப்பக் கட்டணமான 1,321 பவுண்டைக் கட்ட வசதி உண்டு, ஆனால் அதற்கு மேல் மருத்துவ மிகைக்கட்டணத்தைக் கட்ட வசதியில்லை என்று காட்டினால், மிகைக்கட்டணத்துக்கு மட்டும் விலக்குத் தர வழியுண்டு. சேமிப்பில் ஆயிரத்து ஐந்நூறு வைத்திருக்கும் ஒருவர் "எனக்குத்தான் காசு இருக்கிறதே" என்று பின்வாங்கி, மீதி 2,400 பவுண்டுக்குக் கடன்காரரைத் தேடுவதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். அவருக்குப் பொருத்தமானது இந்தப் பகுதி விலக்குத்தான். ஆளுக்கு 2,587 பவுண்ட் 50 பென்ஸ் மிச்சம் என்பது சிறிய தொகை அன்று.

பணத்தைவிடக் காலத்தில்தான் விலக்கு வழி சறுக்குகிறது. அனுமதி முடியும் திகதிக்கு முன்னரே விலக்குக் கோரிக்கையை இணையத்தில் அனுப்பியிருக்க வேண்டும். அப்படி அனுப்பினால், பின்னால் போடப்போகும் விசா விண்ணப்பத்துக்கும் அந்த நாளே விண்ணப்ப நாளாகக் கொள்ளப்படும். ஆனால் விலக்குக் கோரிக்கைக்கு முடிவு வந்தபின் பத்து வேலைநாளுக்குள் உண்மையான விண்ணப்பம் போயிருக்க வேண்டும். முடிவு 'ஆம்' என்றாலும் 'இல்லை' என்றாலும் அதே பத்து நாள்தான். 'இல்லை' என்று வந்தால் அந்தப் பத்து நாளுக்குள் முழுக் காசையும் புரட்டிக் கட்டியாக வேண்டும். தவறினால், அனுமதி ஏற்கெனவே முடிந்திருக்கும் பட்சத்தில், நீங்கள் அனுமதியின்றித் தங்கியவர் ஆகிவிடுவீர்கள், வேலை போகும், பத்தாண்டுக் கணக்கும் சிக்கலாகும். விலக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து மேன்முறையீடு செய்ய முடியாது. அந்த முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று நீதிமன்றம் பார்க்கும் நீதிமுறை மீளாய்வுதான் எஞ்சும், அதற்கும் காசும் காலமும் வேண்டும். ஆகவே விலக்குக் கேட்பவரிடம், மறுக்கப்பட்டால் பத்து நாளில் யாரிடம் கேட்பேன் என்ற பதில் ஒன்று எப்போதும் தயாராக இருக்க வேண்டும். அந்தப் பதில் வங்கியில் காசாக இருந்தால் விலக்குக் கிடைக்காது. ஓர் அண்ணாவின் வாக்காக இருந்தால், அதை நம்ப முடியுமா என்று பார்க்க வேண்டும்.

காத்திருக்கும் காலத்தில் இன்னொரு தொல்லை உண்டு. விலக்குக் கோரிக்கைக்கு முடிவு வர வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். விசா விண்ணப்பம் இன்னும் போகாத அந்த இடைவெளியில், அனுமதித் திகதியும் தாண்டிவிட்டால், வேலை தருபவரிடம் உங்கள் நிலையை நிறுவுவது முழுக் காசு கட்டியவருக்கு இருப்பதைப்போல் எளிதாக இராது. பெரிய சுப்பர் மார்க்கெட்டிலோ பராமரிப்பு இல்லத்திலோ வேலை செய்பவர்களின் மனிதவளப் பிரிவு திகதி முடிந்த அன்றே கேள்வி கேட்கும். மாதம் 1,700 பவுண்ட் கொண்டுவரும் வேலையை மூன்று மாதம் இழந்தால், விலக்கால் மிச்சமானதைவிட அதிகம் போய்விடும். ஒரே சம்பளத்தில் ஓடும் குடும்பத்தில், சம்பளக்காரர் வேலை செய்யும் இடம் இந்த விடயத்தில் கண்டிப்பானது என்றால், எப்பாடுபட்டாவது அவருக்கு மட்டும் கட்டுவதை யோசிக்கச் சொல்வேன். எல்லாருக்கும் ஒரே முடிவு என்ற கட்டாயம் இல்லை.

இந்த இடத்தில் பிள்ளைகளைத் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. குடும்பங்கள் மிகப் பெரிய தொகையை வீணாக்குவது இங்குதான் என்பது என் அனுபவம். பிரித்தானியாவில் பிறந்து, முதல் பத்து ஆண்டுகளில் எந்த ஆண்டிலும் 90 நாளுக்கு மேல் வெளிநாட்டில் நிற்காத பிள்ளைக்கு, பெற்றோரின் விசா எதுவாக இருந்தாலும், 1981ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் 1(4) பிரிவின்படி பிரித்தானியப் பிரஜையாகப் பதிவுபெறும் உரிமை உண்டு. கட்டணம் 1,214 பவுண்ட், ஒரே ஒரு தடவை. மருத்துவ மிகைக்கட்டணம் இல்லை. அதே பிள்ளைக்கு 30 மாத அனுமதி எடுத்தால் 3,261 பவுண்ட், அதுவும் மறுபடி மறுபடி. அப்படியிருந்தும், "எல்லாரும் ஒண்டாப் போடுவம்" என்ற பழக்கத்தில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் சேர்த்து விசாப் புதுப்பிக்கும் பெற்றோரைப் பார்க்கிறேன்.

பிள்ளையின் பதிவுக்கும் இன்று விலக்குக் கேட்கலாம். இது சும்மா கிடைத்ததன்று. பதிவுக் கட்டணம் 1,012 பவுண்டாக இருந்தபோது, அந்த வேலைக்கு அரசுக்கு ஆன செலவு 372 பவுண்ட்தான் என்பது நீதிமன்றத்தில் பேசப்பட்டது. 2019 டிசம்பரில் உயர்நீதிமன்றமும் 2021 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றமும், பிள்ளைகளின் நலனைக் கருதாமல் கட்டணம் வைத்தது சட்டப்படி பிழை என்றன. 2022 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அந்தத் தொகையை விதிக்க அமைச்சருக்கு அதிகாரம் உண்டு என்றது. ஆனாலும் அதே ஆண்டு ஜூன் மாதத்தில், கட்ட இயலாத பிள்ளைகளுக்கு விலக்கு நடைமுறைக்கு வந்தது. பெற்றோரின் வரவு செலவைப் பார்த்தே இதையும் தீர்மானிக்கிறார்கள் என்பதால், பெற்றோருக்காகத் திரட்டிய அதே தாள்கள் இங்கும் உதவும்.

சான்றுதான் கொஞ்சம் அலைச்சல். பத்து ஆண்டும் இங்கேதான் இருந்தது என்பதை ஆண்டு ஆண்டாகக் காட்ட வேண்டும். பிறந்தவுடன் தரும் சிவப்புச் சுகாதாரப் புத்தகம், தடுப்பூசிப் பதிவுகள், குடும்ப வைத்தியரின் கடிதம், நேர்சரியும் பாடசாலையும் தரும் கடிதங்கள். அந்த அக்கா சிவப்புப் புத்தகத்தைக் காலியான பிஸ்கட் ரின்னுக்குள், மகளின் முதல் காலணியோடு வைத்திருந்தார். பல வீடுகளில் அது வீடு மாறும்போது தொலைந்துவிடுகிறது. தொலைந்தால் வைத்தியரிடமும் பாடசாலையிடமும் எழுதிக் கேட்க ஒரு மாதமாவது ஒதுக்க வேண்டும். பத்து வயதுக்கு மேற்பட்டவருக்கு நன்னடத்தையும் பார்க்கப்படும் என்பதால், பதின்ம வயதுப் பையன்களின் விடயத்தில் தள்ளிப்போடுவது புத்தியன்று.

சங்கடமானது, பத்து வயதை நெருங்கும் பிள்ளை. பெற்றோரின் அனுமதி மார்ச்சில் முடிகிறது, பிள்ளைக்கு ஓகஸ்டில் பத்து முடிகிறது என்று வையுங்கள். ஐந்து மாதத்துக்காக 3,261 பவுண்ட் கட்டுவதா, பிள்ளையை விட்டுவிட்டு ஓகஸ்டில் பிரஜாவுரிமைக்குப் போடுவதா? அந்த உரிமைக்கு இடைவெளியில் அனுமதி இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை என்பதால் இரண்டாவது வழி சட்டத்தில் நிற்கும். ஆனால் அந்த ஐந்து மாதம் பிள்ளை அனுமதியின்றி இருக்கும், பெற்றோரின் விண்ணப்பத்தில் பிள்ளையின் நிலையை எப்படி எழுதுவது என்ற கேள்வியும் வரும். முழுக் குடும்பத்துக்கும் விலக்குக் கேட்கத் தகுதியிருந்தால், பிள்ளையையும் சேர்த்து விலக்கில் போட்டுவிட்டு, பத்து முடிந்ததும் பதிவுக்குத் தனியே போடுவது நிம்மதி. கட்டுபவர்கள் மட்டும் இதை அங்கீகாரம் பெற்ற ஆலோசகரிடம் கேட்டே முடிவெடுக்க வேண்டும். 2025 ஜனவரி முதல் குடிவரவு ஆலோசனை அதிகாரசபை என்று பெயர் மாறியிருக்கும் அமைப்பின் பட்டியலில் அவருடைய பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். கடையின் பின்னறையில் படிவம் நிரப்பித் தரும் அண்ணாமாரின் பெயர் அங்கே இராது.

இன்னொரு வழியும் உண்டு. இங்கு பிறந்து ஏழு ஆண்டுகள் தொடர்ந்து வாழ்ந்த பிள்ளை, நாட்டை விட்டுப் போகச் சொல்வது நியாயமன்று என்று காட்டினால், 2022 ஜூனில் வந்த விதிகளின்படி நேரே நிரந்தர வதிவிடம் கேட்கலாம். ஆனால் அதற்கு 3,029 பவுண்ட், விலக்கு இல்லை. மூன்று ஆண்டு பொறுத்து 1,214க்கு, சிலவேளை ஒன்றும் கட்டாமலே, பிரஜாவுரிமை பெறக்கூடிய பிள்ளைக்கு இதைத் தெரிவுசெய்யக் காரணம் குறைவு.

நிரந்தர வதிவிடத்துக்கு விலக்கில்லை என்பது பெற்றோருக்கும் பொருந்தும், அதுவே பத்தாண்டு வழியின் கடைசிக் கண்ணி. நான்கு தடவையும் விலக்கில் வந்தவருக்கும் கடைசியில் ஆளுக்கு 3,029 பவுண்ட் வேண்டும். அது இல்லாதவர்கள் ஐந்தாம் தடவையாக 30 மாத அனுமதிக்கே விலக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே விலக்கும் சேமிப்பும் எந்த வரிசையில் வருவது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். பிள்ளைகள் சிறியவர்களாக, துணைக்கு வேலையில்லாமல், உண்மையிலேயே இழுபறியாக இருக்கும் முதல் ஆண்டுகளில் விலக்கைக் கேளுங்கள். பிள்ளைகள் பாடசாலைக்குப் போய் இரண்டாவது சம்பளம் வரத் தொடங்கியபின் சேருங்கள், கட்டுங்கள். மாறாக, முதல் இரண்டு தடவையும் கடன்பட்டுக் கட்டிவிட்டு, பிறகு கடனில் நொறுங்கி விலக்குக் கேட்க வருபவர்களே அதிகம். வெட்கம்தான் காரணம். "பிச்சை கேக்கிற மாதிரி" என்ற சொல்லை எத்தனை வீடுகளில் மொழிபெயர்க்காமல் விழுங்கியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

ஹரோ அக்காவின் வீட்டில் முடிவு மூன்றாகப் பிரிந்தது. கணவர் பராமரிப்பு இல்லத்தில் வேலை, கண்டிப்பான இடம். தம்பியார் ஒருவர் கொடுத்த கடனில் அவருக்கு முழுக் காசும் கட்டுவது. கொடுத்தவரின் கடிதத்தோடு அந்தக் கடன் அக்காவின் விலக்குக் கோரிக்கையிலும் காட்டப்பட்டது. வேலைக்குப் போகாத அக்காவுக்கு முழு விலக்கு. பதினொரு வயது மகளுக்கு விசாவே வேண்டாம். பிரஜாவுரிமைப் பதிவு, அதற்கும் விலக்கு. மூவருக்கும் வழமைபோல் ஒன்றாகப் போட்டிருந்தால் 11,078 பவுண்ட். சட்டத்தரணி திகதிகளை எழுதித் தந்தார். அக்கா வீட்டுக்குப் போனதும் கோயில் கலண்டரை இறக்கி, விலக்கு முடிவு வரும் நாளிலிருந்து பத்து வேலைநாளை எப்படி எண்ணுவது என்று கேட்டார். சனியும் ஞாயிறும் வங்கி விடுமுறையும் சேராது என்றேன். தைப்பூசம் சேருமோ என்றார். சேரும், சனி ஞாயிறில் வராவிட்டால் அன்று இங்கே வேலைநாள்தான்.